பழியைப் பொற்கொல்லன் தலையில் கட்டாதீர்கள்: சிலம்பை மேடையேற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் மாலை வேளைகளில் நாடகப் பயிற்சி நடத்துகிறேன். இந்த வருடம் வந்த பிள்ளைகள் சிலப்பதிகாரத்தைப் புதிதாக எழுதிக் கொண்டுவந்தார்கள். இருபது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் இருந்தன. வசனம் மறப்பது, கூட்டத்துக்கு முதுகு காட்டுவது எல்லாம் ஒத்திகையில் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

பொற்கொல்லனை மட்டும் வில்லனாக்குவது

இதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. என் முதல் சிலம்பு நாடகத்தைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் போட்டோம். பொற்கொல்லனுக்குக் கறுப்பு வேட்டி, கண்ணில் மை, பின்னால் உடுக்கை. அவன் வந்தாலே கூட்டம் சீறியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முடிந்ததும் நகைப்பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, சிலம்பைத் திருடினவன் எங்க தொழில்காரன்தான், சரி. அதுக்காக ஆயிரம் பத்தருங்களைப் பலி கொடுத்தானே ஒரு பாண்டியன், அதை ஏன் காட்டலை?" என்றார்.

எனக்கு அந்தப் பகுதியே தெரியாது. வீட்டுக்கு வந்து புரட்டினேன். காப்பியத்தின் முன்னால் வரும் உரைபெறு கட்டுரையிலும், பின்பகுதியில் வரும் நீர்ப்படைக் காதையிலும் இருக்கிறது: கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். ஒருவன் செய்த குற்றத்தை ஒரு தொழிலின் மேலேயே ஏற்றிவிட்டான். மேடையில் நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

அப்புறம் கோவலன் வெட்டுப்படும் கொலைக்களக் காதையை வரிவரியாகப் படித்தேன். ராணி ஊடலை மறைத்து, தலைவலி என்று எழுந்து போகிறாள். அவளைத் தேடி ராஜா நடக்கிறான். வழியில் பொற்கொல்லன் காலில் விழுந்து, ராணியின் சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிசையில் இருக்கிறான் என்று கோவலனைக் காட்டிக்கொடுக்கிறான். சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவாருங்கள் என்கிறான் ராஜா. விசாரணை அவ்வளவுதான். கோவலனைப் பார்த்ததும் காவலருக்கே "கொலைப்படு மகனலன்", கொல்லப்பட வேண்டியவன் இல்லை என்று படுகிறது. பொற்கொல்லன் திருடர்களின் தந்திரமெல்லாம் எடுத்துச் சொல்லி அவர்களைக் கரைக்கிறான். கடைசியில் கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசுகிறான். பொய் சொன்னது ஒருவன்தான். அது கொலையாக மாற எத்தனை பேர் வேண்டியிருந்தது பாருங்கள்.

அந்த இடத்தில் காப்பியம் ராஜாவைத் 'தேரான்' என்கிறது, ஆராயாதவன் என்று. கண்ணகி ராஜாவிடம் பேசும் முதல் சொல்லும் "தேரா மன்னா". ராஜாவும் கடைசியில் "யானோ அரசன் யானே கள்வன்" என்றுதான் விழுகிறான். பழியை அவனே ஏற்றபிறகு நாம் ஏன் அவனைத் தப்பவிட வேண்டும்? நேரம் போதாது என்று 'தேரா'வை நான் வெட்டியிருந்தேன். பொற்கொல்லன் ஆட்டத்துக்கு மட்டும் ஏழு நிமிடம்!

பாகூரில் மறுபடி போட்டபோது ராஜாவை நிற்கவிடவில்லை. நடந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆணையிட்டான். ஒருவரும் சீறவில்லை. பேச்சுமூச்சில்லை.

'எல்லாம் விதி' என்று முடிப்பது

"வினைவிளை காலம்", பழைய வினை பலிக்கும் நேரம் என்று காப்பியமே சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காப்பியத்தின் முகப்பான பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளில் ஊழ் மூன்றாவது. முதலில் வருவது, அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்று, அதாவது எமன், என்பது.

மாதவியை வில்லியாக்குவது

வேண்டாம். "தன்தீது இலள்", அவள்மேல் குற்றமில்லை என்று கோவலனே உணர்ந்துவிட்டான்.

கண்ணகியைக் கேள்வி கேட்கப் பயப்படுவது

தாராளமாகக் கேளுங்கள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிகள், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர் என்று தீக்கு அவள் ஆணையிட்டாள். யார் தீயவர் என்று தீ எப்படித் தேர்ந்தது? போன வாரம் ஒரு மாணவி இந்தக் கேள்வியை மதுரைக் கடைத்தெருவில் தானியம் விற்கும் ஒருவன் வாயில் வைத்து எழுதிவந்தாள். "தேரா மன்னா" காட்சிக்கு அடுத்ததாக அதை வைத்திருக்கிறோம்.