வெங்காய எண்ணெயிலிருந்து தொடங்குங்கள்: நியூயார்க் யூத உணவுகளை வீகன் முறையில் சமைக்கும் வழி

யூத மரபு உணவுகளை, விலங்குப் பொருள் எதுவும் சேராத வீகன் முறைக்கு மாற்ற விரும்புபவர், எதை நீக்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தச் சமையலறை எதை ஏற்கெனவே நீக்கிப் பழகியிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் வேகவைக்கக் கூடாது என்ற விதி யூதர்களின் மறைநூலான தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அதிலிருந்து விரிந்த கோஷர் எனும் யூத உணவு நெறி இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் உண்பதைத் தடுக்கிறது. ஆகவே இறைச்சி விருந்தோடு வைக்கும் ரொட்டி, கேக் எதிலும் வெண்ணெயோ பாலோ இருக்க முடியாது. இறைச்சி, பால் இரண்டிலும் சேராத உணவுக்குப் பார்வே என்று பெயர். 1911ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிரிஸ்கோ என்ற தாவரக் கொழுப்பு விற்பனைக்கு வந்தபோது யூதக் குடும்பங்கள் அதை வரவேற்றதற்கு இதுவே காரணம். ஆனால் முட்டையும் மீனும்கூடப் பார்வேதான் என்பதால், பொட்டலத்தில் அந்தச் சொல்லைக் கண்டவுடன் அது வீகன் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

பால் இவ்வாறு பல உணவுகளில் தானாகவே விலகிவிடுவதால், நாம் மாற்ற வேண்டியவற்றுள் முதலாவது ஷ்மால்ட்ஸ் எனப்படும் கோழிக் கொழுப்பு. கிழக்கு ஐரோப்பாவில் ஆலிவ் எண்ணெய் எளிதில் கிடைக்காத நிலையில், இறைச்சியோடு வெண்ணெயையும் பயன்படுத்த முடியாத யூதப் பெண்கள் கோழி, வாத்துக் கொழுப்பை வெங்காயத்தோடு உருக்கிச் சேமித்தார்கள். அதன் மணத்தில் பெரும்பங்கு வெங்காயத்தினுடையது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் ரோக்கியாக் நிறுவனம் வெங்காய மணமூட்டிய தாவரக் கொழுப்பை நையாஃபாட் என்ற பெயரில் விற்றதும் இதற்குச் சான்று.

வீட்டில் இதைச் செய்ய அரைக் கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லிதாக நறுக்கி, 250 மில்லி சூரியகாந்தி எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்போடு சிறு தீயில் வைக்க வேண்டும். முதலில் வெங்காயம் நீர் விட்டுச் சளசளவென்று கொதிக்கும். அந்த ஓசை அடங்கி, நுரை சிறுத்து, ஓரங்கள் பொரியத் தொடங்கும் வரை அவசரப்படாமல் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அடர் பொன்னிறம் வந்ததும் வடிகட்டிவிட வேண்டும். வடித்த பிறகும் சூட்டில் வெங்காயம் கறுக்கும் என்பதால் சற்று முன்னதாகவே அடுப்பை அணைப்பது உத்தமம். எண்ணெய் குளிர்பெட்டியில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். கோழித் தோலைப் பொரித்துச் செய்யும் கிரிபெனஸுக்குப் பதிலாக அந்த மொறுமொறுப்பான வெங்காயத்தையே தூவிக்கொள்ளலாம்.

இந்த எண்ணெய் கையில் இருந்தால், ஈரலை நறுக்கிச் செய்யும் தொடுகறியின் சைவ வடிவம் அரை மணி நேர வேலைதான். இறைச்சியே பரிமாறாத பால் உணவகங்கள் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் பல இருந்தன. சைவ ஈரல் அவற்றின் மேசைகளுக்குப் பழக்கமான பண்டம். அதில் வழக்கமாகச் சேரும் அவித்த முட்டையை விட்டுவிட்டு, தோல் நீக்காத மைசூர்ப் பருப்பு 150 கிராம் வேகவைத்து நீரை முழுவதும் வடித்து, வறுத்த வால்நட் 100 கிராம், வதக்கிய காளான் 200 கிராம், பொரித்த வெங்காயம், மூன்று மேசைக்கரண்டி வெங்காய எண்ணெய், உப்பு, தாராளமான மிளகு ஆகியவற்றோடு கொரகொரப்பாக அரைக்க வேண்டும். விழுதாக அரைத்தால் சட்னியாகிவிடும். ஓர் இரவு குளிர்ந்த பிறகு ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டியில் தடவி உண்டால்தான் சுவை கூடிவரும்.

அடுத்தது முட்டை. ஒவ்வோர் உணவிலும் முட்டை என்ன வேலை செய்கிறது என்று கேட்டுக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். ஹனுக்கா பண்டிகையில் எண்ணெயில் பொரிக்கும் உருளைக்கிழங்கு லாட்கேயில் அதற்குப் பிணைப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அந்த வேலையைக் கிழங்கே செய்துவிடும். மூன்று பெரிய கிழங்குகளையும் ஒரு வெங்காயத்தையும் துருவி, துணியில் கட்டி, ஒரு கிண்ணத்தின் மேல் முறுக்கிப் பிழிய வேண்டும். பத்து நிமிடம் கழித்துக் கிண்ணத்தின் பழுப்பு நீரை மெதுவாகச் சாய்த்தால், அடியில் வெள்ளைவெளேரென்று மாவுச்சத்து கெட்டியாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டித் துருவலோடு பிசைந்து, உப்பும் மிளகும் சேர்த்து, தட்டையாக அழுத்தி இரு பக்கமும் சிவக்கப் பொரித்தால் லாட்கே உடையாது. இதனுடன் வழக்கமாக வைக்கும் ஆப்பிள் கூழ் இயல்பாகவே வீகன்.

மாட்ஸா உருண்டைச் சூப் இவ்வளவு எளிதன்று. மாட்ஸா என்பது மாவையும் நீரையும் கலந்து பதினெட்டு நிமிடத்துக்குள் சுட்டுவிடும் புளிக்காத ரொட்டி. அதைப் பொடித்த மாவில் முட்டை பிணைப்பையும் மென்மையையும் சேர்த்துத் தருகிறது. முட்டை இல்லாமல் அந்த இரண்டையும் பெற, 120 கிராம் மாட்ஸாப் பொடிக்கு டோஃபு எனும் மென்மையான சோயாப் பால்கட்டி 200 கிராமை மசித்து, மூன்று மேசைக்கரண்டி வெங்காய எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு மாவுச்சத்து, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் கோப்பைச் சோடா நீர், உப்பு, மிளகு சேர்த்துக் கலக்க வேண்டும். பொடி ஈரத்தை உறிஞ்சுவதற்கு இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வைப்பது கட்டாயம். பிறகு ஈரக்கையால் சிறு எலுமிச்சை அளவில் அழுத்தாமல் உருட்டி, உப்பிட்ட வெந்நீரில் மூடிபோட்டு முப்பத்தைந்து நிமிடம் வேகவைக்கலாம். நீர் குதித்துக் கொதித்தால் உருண்டை கலைந்துவிடும். மேற்பரப்பு லேசாக அசைந்தால் போதும். அப்படியும் அச்சமிருந்தால் எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் ஆவியில் அவித்துக்கொள்ளலாம். சூப்புக்குக் கேரட், செலரி, பூண்டு, உலர்ந்த காளான், சதகுப்பைக் கீரை ஆகியவற்றோடு வெங்காயத்தைத் தோலோடு போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கோழிச் சூப்பின் பொன்னிறத்தை அந்தத் தோலே தந்துவிடும். உருண்டைகளைப் பரிமாறும்போதுதான் சூப்பில் சேர்க்க வேண்டும்.

புளித்த ரொட்டியைத் தவிர்க்கும் பஸ்கா பண்டிகை வாரத்தில் இதைச் சமைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாசி மரபினர் அந்த நாள்களில் அரிசி, பயறு, சோயா போன்றவற்றைத் தவிர்ப்பது நெடுங்கால வழக்கம். ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டி மரபினர் பலரிடம் அத்தடை இல்லை. அமெரிக்காவில் யூத சமயத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவு 2015 டிசம்பரில் அஷ்கெனாசிகளுக்கும் அனுமதி அளித்தது என்றாலும், பழைய வழக்கத்தைப் பேணும் வீடுகள் நிறைய உள்ளன. அத்தகைய விருந்தினருக்காகச் சமைத்தால் டோஃபுவுக்குப் பதிலாக மசித்த உருளைக்கிழங்கைச் சேர்ப்பதே மரியாதை. உருண்டை சற்று அடர்த்தியாக இருக்கும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவான பேகல் எனும் வளைய ரொட்டியில் மாற்ற ஒன்றுமில்லை. மாவு, நீர், ஈஸ்ட், உப்பு, மால்ட் ஆகியவற்றால் பிசைந்து, கொதிநீரில் இட்டெடுத்துச் சுடும் நீர் பேகல் எப்போதுமே வீகன்தான். முட்டை பேகலையும் தேன் சேர்த்ததையும் மட்டும் கேட்டு விலக்க வேண்டும். மேலே வைக்கும் புகையூட்டிய சால்மன் மீனுக்குப் பதிலாகக் கேரட் நன்றாகப் பொருந்தும். தடித்த கேரட்டுகளைக் கல்லுப்புப் படுக்கையில் வைத்து 190 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுட்டு, உப்பைத் துடைத்து, நீளவாக்கில் தாள்போல் சீவ வேண்டும். ஆலிவ் எண்ணெய், சிறிது வினிகர், புகையூட்டிய பாப்ரிகா, நொறுக்கிய நோரி கடற்பாசித் தாள் ஆகியவற்றில் இரண்டு நாள் ஊறியபின் அது வழவழப்பாகிவிடும். புட்டியில் விற்கும் புகைச்சாறு ஒரு துளி கூடினாலும் கசப்பதால், புகையில் உலர்த்திய லாப்சாங் சூசோங் தேயிலையின் கெட்டிச் சாற்றையே நான் பரிந்துரைப்பேன். கிரீம் சீஸுக்குப் பதிலாக, வெந்நீரில் ஊறிய 150 கிராம் முந்திரியை எலுமிச்சைச் சாறு, உப்பு, இரண்டு மேசைக்கரண்டி மணமற்ற தேங்காய் எண்ணெயோடு வெண்ணெய்போல் அரைத்து, குளிரவைத்து, வெங்காயத்தாள் கலக்கலாம்.

ருமேனிய யூதர்கள் நியூயார்க்குக்குக் கொண்டுவந்த பஸ்திராமி எனும் புகையூட்டிய இறைச்சியின் உயிர், மல்லியும் மிளகும் ஒன்றிரண்டாக இடித்த மேற்பூச்சில் இருக்கிறது. கோதுமைக் குளூட்டன் மாவில் செய்த செய்தானை அந்தப் பூச்சோடு சுட்டு, சூடாக ஆவி காட்டி, மெல்லிதாக அரிந்து, கடுகு விழுது தடவிய ரை ரொட்டியில் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுக்கான ஹல்லா ரொட்டியில் எண்ணெய் ஏற்கெனவே இருப்பதால், முட்டையின் ஈரத்துக்கும் நிறத்துக்கும் அவித்து மசித்த பரங்கிக்காயே போதுமானது.

எக் கிரீம் என்ற புரூக்ளின் பானத்தில் முட்டையும் இல்லை, கிரீமும் இல்லை. உயரமான கோப்பையில் இரண்டு விரற்கடை குளிர்ந்த ஓட்ஸ் பாலை ஊற்றி, சோடாவை உயரத்திலிருந்து வேகமாகப் பாய்ச்சி நுரை எழுப்பி, பால் கலவாத சாக்லேட் பாகைக் கடைசியில் ஓரமாக விட்டு, நுரை கலையாதபடி நீளமான கரண்டியால் அடியில் மட்டும் கலக்கி உடனே குடிக்க வேண்டும்.