சென்டர் கைக்குப் பந்து எங்கே வருகிறது? கல்லூரி அணியின் உயரக்காரர்களைப் புது ஆஃபென்ஸுக்குப் பழக்குவது எப்படி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஒன்றுக்குப் புது கோச் வருகிறார், ஆஃபென்ஸை, அதாவது தாக்கி ஆடும் முறையை, மாற்றப்போகிறார் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சென்டருக்கு மூணு பாயின்ட் ஷாட் வருமா?" என்பதுதான். கூடையருகே ஆடும் உயரக்காரர்களான சென்டர்களோடும் பவர் ஃபார்வர்டுகளோடும் மட்டுமே வேலை செய்கிறவன் நான். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வரட்டும் என்பேன். முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்த ஆஃபென்ஸில் அவன் கைக்குப் பந்து எந்த இடத்தில் வருகிறது? வந்த அடுத்த நொடி அவன் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன? இது தெரிந்துவிட்டால் யார் பொருந்துவான், யாருக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

விதிகளிலிருந்து தொடங்குங்கள். தொழில்முறை லீக்கான என்பிஏவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அதை அப்படியே கல்லூரிக்குக் கொண்டுவருகிறவர்கள் இடறுவது இங்கேதான். என்பிஏவில் எந்த ஆளையும் காக்காமல், கூடைக்கு முன்னால் இருக்கும் பெயிண்ட் என்ற கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் ஒரு தடுப்பாட்டக்காரர் நிற்க முடியாது. கல்லூரியில் அந்தத் தடை கிடையாது. எதிரணி சென்டர் கூடைக்கு அடியிலேயே குடியிருக்கலாம். ஆகவே ஷாட் வராத பையனை வெளியே மூன்று புள்ளிக் கோட்டருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "உள்ளே இடம் திறந்துவிட்டது" என்று சொல்லிக்கொள்வதில் பலன் இல்லை. அவனைக் காக்க வேண்டியவர் உள்ளேயே நின்று, பந்தைக் கொண்டுவரும் நம் கார்டுகளை மறிப்பார். 2019-20 சீசனிலிருந்து ஆண்கள் முதல் பிரிவில் அந்தக் கோடு 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. முன்பு ஏதோ போட்டுக்கொண்டிருந்த பையன்களில் பலருக்கு இப்போது அங்கிருந்து எட்டாது.

இன்னொரு பக்கம், கல்லூரி பெயிண்டின் அகலம் 12 அடிதான். என்பிஏவில் 16. அதாவது, கூடைக்கு முதுகைக் காட்டி ஆடுகிற பழைய பாணி சென்டர் இங்கே கூடைக்கு இன்னும் நெருக்கமாக நின்று பந்தை வாங்க முடியும். கல்லூரி ஆட்டத்தில் லோ போஸ்ட், அதாவது கூடையருகே பெயிண்டின் ஓரத்தில் நின்று ஆடுவது, இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புது ஆஃபென்ஸ் என்றாலே அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நினைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை.

அடுத்து வீடியோ. போன சீசன் ஆட்டங்களை எடுத்து, ஸ்கோரை மறந்துவிட்டு, உயரக்காரர்களின் கைக்குப் பந்து வந்த ஒவ்வொரு தடவையையும் நிறுத்திப் பாருங்கள். அரை மைதானம் வரைந்த தாளில் பந்து வாங்கிய இடத்தைப் புள்ளி வையுங்கள். பக்கத்தில் மூன்று விஷயங்கள்: எந்தக் கால் முதலில் தரையில் பட்டது, கண் முதலில் எங்கே போனது, பந்து கையில் எவ்வளவு நேரம் தங்கியது. இரண்டாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை. பந்தை வாங்கியதும் கண் கூடைக்குப் போகிறவன் வேறு ரகம், தரைக்குப் போகிறவன் வேறு ரகம், வெட்டி ஓடுகிற சக ஆட்டக்காரன் பக்கம் போகிறவன் முற்றிலும் வேறு ரகம். மூன்றாவது ரகத்தில் ஒருவன் கிடைத்தால், அவனுக்கு ஷாட்டே வராவிட்டாலும் ஹை போஸ்ட்டில், அதாவது பெயிண்டின் மேல்முனையான ஃப்ரீ த்ரோ கோட்டருகே, அவனுக்கு வேலை இருக்கிறது.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது 1996இல் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நடத்திய போட்டியின் முதல் சுற்றில் பிரின்ஸ்டன் அணி யுசிஎல்ஏவை 43-41 என்று வீழ்த்திய ஆட்டம். யுசிஎல்ஏ முந்தைய ஆண்டின் சாம்பியன். கோச் பீட் கேரில். கடைசி விநாடிகளில் பந்து சென்டர் ஸ்டீவ் குட்ரிச் கையில், கூடையிலிருந்து தள்ளி. கேப் லூல்லிஸ் வெளியே வருவதுபோல் காட்டிவிட்டுத் தடுப்பாளரின் முதுகுப் பக்கமாகக் கூடையை நோக்கி வெட்டினார். குட்ரிச் கொடுத்த பாஸ் தரையில் ஒருமுறை பட்டு அவர் கைக்குப் போனது, லே-அப் விழுந்தது. அந்த நொடியில் குட்ரிச்சின் உயரம் பயன்பட்டது ஷாட்டுக்காக இல்லை, எதிரே நிற்பவரின் தோளுக்கு மேலாக மைதானம் முழுவதையும் பார்ப்பதற்காக. கூடைக்கு அடியில் இருக்க வேண்டிய யுசிஎல்ஏ சென்டரும் அவரோடு வெளியே இழுபட்டிருந்தார். பிரின்ஸ்டன் பாணி, ஐவரும் வெளியே நிற்கும் ஃபைவ்-அவுட் பாணி, இரண்டிலும் சென்டர் என்பவர் பந்து கடந்துபோகிற சந்திப்பு. அங்கே நிற்கத் தெரிந்தவனை முதலில் தேடுங்கள்.

எந்த ஆஃபென்ஸ் வருகிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும். கோச் வான்ஸ் வால்பெர்க் உருவாக்கி, மெம்ஃபிஸில் கோச் ஜான் காலிபாரி பிரபலமாக்கிய, கார்டு பந்தைத் தரையில் தட்டியபடி கூடைக்குப் பாயும் டிரிபிள் டிரைவ் ஆட்டத்தில் சென்டர் பந்து இல்லாத பக்கத்தில், கூடைக்கு அருகே காத்திருப்பவர். கார்டு உள்ளே பாயும்போது உதவிக்கு வருபவரின் இடத்தை அவர் நிரப்புவார். இதற்கு வேண்டியது நல்ல கைகளும் துள்ளலும்தான், நுட்பமான பாஸ் வேண்டியதில்லை. கொன்சாகா அணி பல வருடங்களாக ஆடிவரும் தொடர் பால் ஸ்க்ரீன் ஆட்டத்தில் சென்டர் ஒரு பக்கம் ஸ்க்ரீன் வைத்து, அதாவது கார்டைக் காப்பவரின் வழியில் அசையாமல் நின்று மறித்து, பிறகு உருண்டு, அதாவது திரும்பிக் கூடையை நோக்கி ஓடி, மறுபக்கம் போய் மீண்டும் வைப்பார். கால் ஓயாத பையன் வேண்டும். நார்த் கரோலினாவில் ராய் வில்லியம்ஸ் நடத்திய வேக ஆட்டத்தில் ஒரு கூடையிலிருந்து மறு கூடை வரை நேர்கோட்டில் ஓடுகிற உயரக்காரனுக்குத்தான் முதல் மரியாதை.

விஸ்கான்சினில் கோச் போ ரயன் நடத்திய ஸ்விங் ஆட்டத்தில் யாரும் எந்த இடத்திலும் நிற்க நேரும். கார்டும் போஸ்ட்டில் முதுகு காட்டி ஆடுவார், சென்டரும் வெளியே வருவார். அங்கே சென்டர் ஃபிராங்க் காமின்ஸ்கி முதல் ஆண்டில் ஆட்டத்துக்கு 1.8 புள்ளி, இரண்டாம் ஆண்டில் 4.2, மூன்றாம் ஆண்டில் 13.9, கடைசி ஆண்டில் 18.8. அந்தக் கடைசி ஆண்டில், 2015இல், நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது, இறுதிப் போட்டி வரை அணி. எல்லா இடங்களிலும் வேலை கேட்கிற ஆஃபென்ஸில் உயரக்காரர்கள் தாமதமாகத்தான் பழுப்பார்கள். முதல் மாதத்தில் தடுமாறுகிற பையனைப் பார்த்து "இவன் இந்த ஆட்டத்துக்கு ஆகமாட்டான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி பயிற்சி. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் என்சிஏஏ அனுமதிக்கும். எல்லாவற்றையும் சொல்லித்தர நேரம் இருக்காது, வரிசை முக்கியம். என் வரிசையில் ஸ்க்ரீன் முதல், பந்தைக் கைக்குக் கை கொடுக்கும் ஹேண்ட்-ஆஃப் இரண்டாவது, உருண்டபின் எடுக்கும் முடிவு மூன்றாவது, ஷாட் கடைசி.

ஸ்க்ரீனில் பையன்கள் தவறுவது கோணத்தில். "கார்டு எங்கே போகணுமோ அந்த இடத்தை உன் முதுகு பார்க்கணும்" என்று சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள். கால்கள் தோளைவிட அகலம், கைகள் மார்போடு, மோதலுக்கு முன்பே அசையாமல் நின்றிருக்க வேண்டும். இடுப்பை நீட்டி ஓர் இன்ச் தள்ளினாலும் ஃபவுல். கல்லூரியில் கைவசம் ஐந்துதான். போஸ்ட்டில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தவன் புது ஆஃபென்ஸில் ஒரே ஆட்டத்தில் எத்தனையோ ஸ்க்ரீன் வைக்க வேண்டியிருக்கும். முதல் பாதி முடியும் முன்பே இரண்டு ஃபவுலோடு அவன் பெஞ்சில் உட்கார்ந்தால் எந்த ஆஃபென்ஸும் நடக்காது.

ஹேண்ட்-ஆஃப்பை நிதானமாகச் சொல்லித்தர வேண்டும். சென்டர் கார்டை நோக்கி ஓரிரு டிரிபிள் போட்டு வருகிறான். நிற்கும்போது இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், அப்போதுதான் எந்தக் காலையும் பிவட் காலாக, அதாவது நகராமல் ஊன்றித் திரும்பும் காலாக, வைத்துக்கொள்ள முடியும். பந்து இடுப்பு உயரத்தில், ஒரு கை அடியில், ஒரு கை மேலே. கார்டு வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், நாம் அவர் பக்கம் வீசக் கூடாது. எடுக்கிற நொடியில் சென்டரின் தோளும் கார்டின் தோளும் உரச வேண்டும். நடுவில் ஒரு கை நுழைகிற இடைவெளி இருந்தால் தடுப்பாளரும் நுழைந்துவிடுவார். பந்து கைமாறியதும் உள்கால் மேல் திரும்பிக் கூடையை நோக்கி ஓட்டம். கார்டைக் காப்பவர் முன்கூட்டியே குறுக்கே குதித்துவிட்டாரா? பந்தைக் கையில் பிடித்து நிற்கும் முன்பே, கொடுக்கப் போவதுபோல் காட்டிவிட்டுச் சென்டரே டிரிபிளை நிறுத்தாமல் கூடைக்குப் போகலாம். முதலில் தடுப்பாளர் இல்லாமல், பிறகு கார்டைக் காக்க ஒருவர், பிறகு சென்டரைக் காக்கவும் ஒருவர் என்று ஆள் கூட்டுங்கள். மூன்றாவது படிக்கு அவசரப்பட்டால் பையன் பந்தைப் பார்த்துக்கொண்டே கொடுக்கப் பழகிவிடுவான். அவன் பார்க்க வேண்டியது தடுப்பாளரின் முன்காலை.

உருண்டபின் வரும் முடிவு எதிரணியின் தடுப்பைப் பொறுத்தது. அவர்கள் சென்டர் பின்வாங்கி நின்றால் நம் பையன் கூடை வரை ஓடி, மேலே வருகிற பந்துக்குக் கை காட்ட வேண்டும். ஆளை மாற்றிக்கொண்டால் ஒரு சின்ன கார்டு இவன் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருப்பார். அந்த நொடியே முழங்காலை மடக்கித் தாழ்ந்து நின்று, இடுப்பால் அடைத்துப் பந்தைக் கேட்க வேண்டும். இருவரும் சேர்ந்து பந்து வைத்திருக்கும் கார்டை மடக்கினால்தான் கடினமான வேலை. சென்டர் கூடை வரை ஓடாமல் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று வாங்கித் திரும்ப வேண்டும். இப்போது நாலுக்கு மூன்று. பார்க்க வேண்டியது கூடையருகே நிற்கும் கடைசித் தடுப்பாளரை. அவர் இடுப்பு இவன் பக்கம் திரும்பினால் பந்து பேஸ்லைன் ஓரத்தில் நிற்கும் சக உயரக்காரனுக்கு, திரும்பாவிட்டால் இவனே இரண்டு எட்டில் முடிக்கலாம். மூலையில் நிற்கும் ஷூட்டரின் ஆள் உள்ளே சுருங்கினால் பந்து மூலைக்கு. பயிற்சியில் நான் கோச் ஒருவரைக் கடைசித் தடுப்பாளராக நிறுத்தி, பந்து காற்றில் இருக்கும்போதுதான் திரும்பச் சொல்வேன். பையன் மனப்பாடம் பண்ண முடியாது, பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக ஷாட். மூன்று புள்ளி ஷாட்டைத் தொடங்க மிக எளிய இடம் டிரெயில் ஷாட். எதிர்த்தாக்குதலில் கடைசியாக ஓடிவரும் சென்டர், நடுவில் கோட்டுக்கு வெளியே வந்து நிற்கிறான். அவனைக் காப்பவர் பழக்கத்தால் பெயிண்டுக்குள் ஓடியிருப்பார், முன்னால் யாருமில்லை. கால்கள் கூடையைப் பார்த்தே வருகின்றன, திரும்ப வேண்டியதில்லை. இது வராத பையனிடம் வேறு மூன்று புள்ளி ஷாட்டைக் கேட்காதீர்கள். கூடவே மைக்கன் டிரில்லை விட்டுவிடக் கூடாது. டிபால் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மைக்கன் பெயரில் வழங்கும் அந்த எளிய பயிற்சி, கூடையின் இரு பக்கமும் இரு கையாலும் மாறி மாறி முடிப்பது. உருண்டு வருகிறவனுக்கு இடது கை முடிப்பு இல்லையென்றால் பாதி ஆஃபென்ஸ் இல்லை.

எல்லா உயரக்காரரையும் புது ஆஃபென்ஸுக்கு வளைக்கத்தான் வேண்டுமா? பர்டூவின் ஸாக் ஈடி 7 அடி 4 அங்குலம், 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். அப்படி ஒருவர் இருந்தால் ஆஃபென்ஸ்தான் அவருக்கு வளைய வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. 2024 இறுதிப் போட்டியில் ஈடி 37 புள்ளி போட்டார், பர்டூ 75-60 என்று கனெக்டிகட் பல்கலைக்கழக அணியான யுகானிடம் தோற்றது. யுகான் அவரைப் பெரும்பாலும் ஒற்றை ஆளால் காத்து, மற்றவர்கள் ஷூட்டர்களை விட்டு நகரவில்லை. பர்டூ அன்று எடுத்த மூன்று புள்ளி ஷாட்டுகள் ஏழே ஏழு, விழுந்தது ஒன்று. போஸ்ட் ஆட்டக்காரரை நம்பி ஆடும் அணிக்கு அவரை இருவர் மடக்காத நாளுக்கும் ஒரு திட்டம் வேண்டும். போஸ்ட்டில் பந்து இருக்கும்போதே மறுபக்கம் ஷூட்டருக்கு ஸ்க்ரீன் வைப்பது, கார்டை வெட்டி ஓடவிடுவது போன்றவற்றை முன்பே பழக்கியிருக்க வேண்டும்.

இரண்டு உயரக்காரரைச் சேர்த்து ஆடவிடுவதாக இருந்தால், இருவரும் ஒரே பக்கம், ஒரே உயரத்தில் நிற்கக் கூடாது. ஒருவன் ஃப்ரீ த்ரோ கோட்டருகே என்றால் மற்றவன் பேஸ்லைன் ஓரத்தில், பெயிண்டுக்கு ஒரு காலடி வெளியே. மேலிருப்பவன் கீழே போனால் கீழிருப்பவன் மேலே வர வேண்டும். இதை மைதானத்தில் பேசிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். ரீபவுண்டும் இதோடு சேர்ந்ததுதான். சென்டர் வெளியே வந்துவிட்டால் நம் ஷாட் தவறும்போது கூடையருகே ஆள் குறையும். பந்து இல்லாத பக்கத்து ஃபார்வர்டு உள்ளே பாய வேண்டும், வெளியே நிற்கும் சென்டர் முதல் ஆளாகத் திரும்பி ஓட வேண்டும். இந்தப் பொறுப்பு மாற்றத்தை ஆஃபென்ஸ் கற்றுத்தரும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பையனின் மனசும் முக்கியம். மூன்று வருடம் போஸ்ட்டில் பந்து கேட்டு வாங்கி ஆடியவனுக்கு இப்போது ஸ்க்ரீன் வை, பாஸ் கொடு என்றால் தன்னை ஒதுக்குகிறார்கள் என்று தோன்றும். புள்ளி குறையும், குடும்பம் கேட்கும், வேறு கல்லூரிக்கு மாறலாமா என்று மனம் அலையும். நான் அவனோடு உட்கார்ந்து, அவன் ஸ்க்ரீனால் விழுந்த கூடைகளை மட்டும் வெட்டிச் சேர்த்த வீடியோவைப் போட்டுக் காட்டுவேன். அணி முழுவதும் பார்க்கும் கூட்டத்திலும் அதே காட்சிகள் ஓட வேண்டும். கார்டு கூடை போட்டதும் ஸ்க்ரீன் வைத்தவனைக் கை நீட்டிக் காட்டுவது அணியின் வழக்கமாக வேண்டும்.

மாற்று சென்டருக்கு முழு ஆஃபென்ஸும் வேண்டாம். முதல் சென்டர் ஹை போஸ்ட்டில் பாஸ் கொடுக்கிறவன், இவன் துள்ளிக் குதிக்கிறவன் என்று வைத்துக்கொள்வோம். இவன் வரும்போது ஹேண்ட்-ஆஃப்பைக் குறைத்து, ஸ்க்ரீன் வைத்து உருளும் ஆட்டத்தை மட்டும் இரண்டு பக்கமும் ஓட்டுங்கள். ஆட்டத்தின் பெயரும் தொடக்க நிலையும் அதுவே இருக்கட்டும், மற்ற நால்வர் புதிதாக எதையும் நினைவில் வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஷாட் எடுக்க ஷாட் கிளாக்கில் 30 விநாடிதான் இருக்கிறது, பத்துக்குக் கீழே வந்துவிட்டால் யார் மைதானத்தில் இருந்தாலும் சரி, பால் ஸ்க்ரீன் வைக்க ஓடி வருவது சென்டர்தான் என்று முன்பே முடிவு செய்துவைத்துவிடுங்கள்.