படியச்சமும் தூங்குசந்தாவும்: புதுச்சொல் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து மாத இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஜிம்முக்குப் போனேன். முதல் நாள் ஒரே வீரம். இரண்டாம் நாள் காலை, மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். இந்தக் கோலத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா? அப்படிப் பிறந்ததுதான் 'படியச்சம்'. அப்புறம் நானும் நண்பர்களும் ஒரு டஜன் சொற்களாவது கட்டியிருப்போம். பாதிக்கு மேல் பிழைக்கவில்லை.

பொதுவாகப் பெயர் வைப்பதுதான் முதல் தவறு. நான் முதலில் சொன்னது 'பயிற்சிவலி'. தைலம் விற்கும் விளம்பரம் மாதிரி இருந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பு ஒரு சின்னக் கணத்தில் ஒளிந்திருக்கிறது. படி ஏறும்போது எப்படியோ சமாளித்துவிடலாம், இறங்கும்போதுதான் உயிர் போகும். தொடைத் தசை உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீளவும் வேண்டியிருப்பதுதான் காரணம். வலியும் உடனே வராது; ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். 'படியச்சம்' இந்தக் கணத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டது.

உடலைப் பற்றிப் பொய் சொல்லும் சொற்களும் நிற்பதில்லை. நண்பர் ஒருவர் 'அமிலக்கடி' என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சியின்போது தசையில் சேரும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் என்று சொல்வார்களே, அது), முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் வலி, பழகாத வேலையால் தசை நாரில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. 'தசைமறதி'யும் அப்படித்தான். தசை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. ஒருமுறை சேர்த்த பலம் இரண்டாம் முறை விரைவாகவே திரும்பும். பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே காலை வாருவது மூச்சுதான். எனவே 'மூச்சுமறதி' என்று மாற்றினோம். இப்போது பொருந்துகிறது.

அடுத்தது, ஆங்கிலக் கத்தரிக்கோல். அங்கே பிரேக்ஃபாஸ்டையும் லஞ்சையும் வெட்டி ஒட்டி பிரஞ்ச் என்கிறார்கள். அதே வேகத்தில் சோம்பலையும் பயிற்சியையும் ஒட்டி 'சோம்பயிற்சி' என்றேன். "சோம்பா? சாப்பிட்டதும் மெல்வோமே, அதுவா?" என்று கேட்டாள் மனைவி. சொல்லின் வேரை வெட்டினால் தமிழ்க் காது தடுமாறிவிடும். 'அம்மாசனம்' தப்பித்தது, ஏனென்றால் பத்மாசனம் ஏற்கெனவே காதில் இருக்கிறது. கால் வலியோடு நாற்காலியில் உட்காரும்போது நம்மையறியாமல் "அம்மா..." என்று நீட்டி முழக்குவோமே, அந்த ஆசனம் அது.

சந்தியில் கோட்டை விடுபவர்கள் நிறையப் பேர். (நானும்தான்.) ஆண்டுக்கட்டணம் கட்டிவிட்டு ஜிம் பக்கமே எட்டிப் பார்க்காதவரின் உறுப்பினர் அட்டைக்கு 'தூங்குசந்தா' என்று பெயர் வைத்தோம். இதைத் 'தூங்குச்சந்தா' என்று எழுதினால் தப்பு. இது வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி; நடுவில் ஒற்று வராது. ஊறுக்காய் என்று யாராவது எழுதுவார்களா? ஆனால் துணி காயப்போடுவதற்கு மட்டும் பயன்படும் ட்ரெட்மில், 'ஓடாப்பொறி'. இங்கே ப் வந்தே ஆக வேண்டும், 'ஓடாத' என்பதன் கடைசி எழுத்து விழுந்த ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். தமிழாசிரியர் சொன்னபோது தூக்கம் வந்த பாடம், இப்போது கைகொடுக்கிறது. 'தூங்குமூஞ்சி'யின் ஓசை பின்னால் நிற்பதால்தான் தூங்குசந்தாவுக்கு இவ்வளவு களை.

அடுத்தவர் தொப்பையை வைத்துச் சொல் கட்டாதீர்கள், நம்முடையதே போதும். நெஞ்சுவலிக்கு வேடிக்கைப் பெயர் வேண்டவே வேண்டாம்; அதற்கு மருத்துவர்தான்.

கடைசித் தவறு, சொல்லைச் சொன்ன கையோடு விளக்கத்தையும் சொல்வது. நாங்கள் கட்டியதில் நன்றாக ஓடுவது 'நாளைக்கிழமை'. எல்லா உடற்பயிற்சியும் தொடங்கப்போகும் அந்த நாள். மனைவியிடம் ஒரே ஒருமுறை சொன்னேன், விளக்கவில்லை. போன வாரம் மழையைச் சாக்கு வைத்து நடைப்பயிற்சியை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பால் வாங்கி வந்த எதிர்வீட்டு அக்கா நின்று கேட்டார்: "என்ன தம்பி, இன்னைக்கும் நாளைக்கிழமையா?"