முதுகு மசாஜுக்கு எத்தனை நிமிடம் போடலாம்?

முதுகுக்கு மசாஜ் வேண்டும் என்று சொன்னதுமே எதிரில் வரும் கேள்வி, 30 நிமிடமா, 60ஆ, 90ஆ என்பதுதான். பெரும்பாலானவர்கள் வலியை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்: ரொம்ப வலிக்கிறது, அதனால் பெரியதாகவே எடுத்துவிடுவோம் என்று. எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. எவ்வளவு இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது, இதே மாதிரி உங்களால் எத்தனை முறை வர முடியும், இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் நேரம் தானாக முடிவாகிவிடும்.

அதற்கு முன் ஒரு விஷயம். 60 நிமிடம் என்று பதிவு செய்தால் 60 நிமிடமும் கை முதுகில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். எங்கே வலி என்று பேசுவது, உடை மாற்றுவது, கடைசியில் எண்ணெயைத் துடைப்பது என்று 5, 10 நிமிடம் போய்விடும். சில இடங்களில் இதைத் தனியாக ஒதுக்குவார்கள், சில இடங்களில் உங்கள் நேரத்திலேயே கழிப்பார்கள், அதனால் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது. 30 நிமிடத்தில் 10 நிமிடம் போனால் மிஞ்சுவது 20தான், அங்கேதான் இது உறைக்கும்.

சரி, 30 நிமிடம் யாருக்கு? வலிக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறவர்களுக்கு. உதாரணமாக, கணினி முன்னால் உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத் தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் ஒரு பிடிப்பு வரும், அழுத்தினால் சுருக்கென்று இருக்கும், சில சமயம் வலி தோள் வரைக்கும் ஓடும். நல்ல கைக்காரர் நேராக அந்த இடத்தில் கட்டைவிரலை ஊன்ற மாட்டார். முதல் சில நிமிடங்கள் உள்ளங்கையால் முதுகு முழுக்க மெதுவாக நீவிச் சூடேற்றுவார், பிறகு அந்த முடிச்சைத் தேடிப் பிடித்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அப்படியே வைத்திருப்பார். நீங்கள் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அந்த இடம் விரலுக்கு அடியில் இளகுவது உங்களுக்கே தெரியும். இப்படி இரண்டு மூன்று இடம் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆகவே 30 நிமிடம் போட்டால் "இடது தோள்பட்டைப் பக்கம் மட்டும் பாருங்க, இடுப்பை விட்டுடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கழுத்து முதல் இடுப்பு வரை எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தடவி அனுப்பிவிடுவார்கள், அவர்கள் மேலும் தப்பில்லை.

முழு முதுகுக்கும் 60 நிமிடம்தான் என் தேர்வு. முதல்முறை போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். முதுகு என்று நாம் சொன்னாலும் வேலை முதுகோடு நிற்பதில்லை. கீழ்முதுகு வலிக்குப் பல நேரம் பிட்டத்துத் தசைகளையும் சேர்த்து இளக்க வேண்டியிருக்கும், கடைசி விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை இரண்டு பக்கமும் இறங்கும் தசை வேறு ஆழத்தில் இருக்கிறது, அதை அவசரமாக அணுக முடியாது. மேல்முதுகு என்றால் கழுத்தும், சில நேரம் முன்பக்கம் மார்புத் தசையும் கூட வரும். இதையெல்லாம் 20 நிமிடத்தில் அடைத்தால் எதுவும் உருப்படியாக நடக்காது.

அமெரிக்காவில் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 228 பேரை வைத்து நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு நேர அளவையே சோதித்துப் பார்த்தது. நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை 30 நிமிட மசாஜ் செய்துகொண்டவர்களுக்கும் எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதே இரண்டு மூன்று முறை 60 நிமிடம் செய்துகொண்டவர்களுக்கு நல்ல மாற்றம் தெரிந்தது. அது கழுத்து, முதுகு இல்லை, ஆனாலும் நாள்பட்ட வலிக்கு 30 நிமிடத்தை நம்பி இருக்கலாமா என்று யோசிக்க வைக்கிறது. கீழ்முதுகு வலிக்கென்றே 401 பேரை வைத்து நடந்து 2011இல் வெளியான இன்னொரு ஆய்வில், வாரம் ஒரு முறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று பத்து வாரம் கொடுத்தார்கள். இதமான மசாஜ், தசையைக் குறிவைத்துச் செய்யும் மசாஜ் இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் தந்தன. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால்தான் பலன் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்.

90 நிமிடம் முதுகுக்கு மட்டும் என்றால் அதிகம். முதுகோடு கால், கழுத்து, கை எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றாலோ, படுத்து அரை மணி நேரம் ஆனாலும் உடம்பு தளராத ஆளாக நீங்கள் இருந்தாலோ எடுக்கலாம். முதுகை மட்டும் அவ்வளவு நேரம் அழுத்திப் பிசைந்தால் ஓரிரண்டு நாள் அடித்துப் போட்டது போல் வலிக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு: அவ்வளவு நேரம் குப்புறப் படுத்தால் மூக்கு அடைக்கும், கழுத்து விறைக்கும், முதுகுப் பிடிப்பை எடுக்கப் போய்க் கழுத்துப் பிடிப்போடு எழுந்து வருவீர்கள். நடுவில் ஒருக்களித்துப் படுக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள். முடிந்ததும் சட்டென்று எழாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள், தலை சுற்றலாம்.

கைக்காசும் நேரமும் அளவாகத்தான் இருக்கிறது என்றால், மாதம் ஒரு தடவை 90 நிமிடம் போடுவதைவிட இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 45 நிமிடம் போடுவேன். போய் வந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் முதுகு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். நன்றாக இருந்து சீக்கிரமே பழையபடி ஆகிவிட்டால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். மறுநாளே தொட்டால் வலிக்கிறது என்றால் அடுத்த முறை நேரத்தையோ அழுத்தத்தையோ குறைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

சில நிலைமைகளில் நேரத்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. கால் மரத்துப்போவது அல்லது பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, காய்ச்சலோடு முதுகு வலி, விழுந்த பிறகு வந்த வலி இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, மசாஜ் செய்பவரிடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வீட்டில் யாராவது பிடித்துவிடுகிறார்கள் என்றால் 10, 15 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் அவர்களுடைய கட்டைவிரல் வலிக்க ஆரம்பிக்கும். முதுகெலும்பின் மேல் அழுத்தாமல் இரண்டு பக்கமும் உள்ள தசையில் மட்டும், முடிந்தவரை உள்ளங்கையாலும் முன்கையாலும் அழுத்தச் சொல்லுங்கள்.