எக்ஸ்டிவிஐ எழுத்துருவைக் காணோம் என்றால் எங்கே தேடுவது

ஆவணத்தைப் பக்கங்களாக அமைக்கும் லேடெக் ஓடி முடிந்துவிட்டது, அது தரும் டிவிஐ கோப்பும் வந்துவிட்டது, ஆனால் அதைத் திரையில் காட்டும் எக்ஸ்டிவிஐ-யில் திறந்தவுடன் டெர்மினலில் எச்சரிக்கைகள் கொட்டுகின்றன: இன்ன எழுத்துரு கிடைக்கவில்லை, பதிலுக்கு சிஎம்ஆர்10 என்ற எழுத்துருவைப் போட்டுக்கொள்கிறேன் என்று. திரையில் வரிகளின் வலது ஓரம் கோணல்மாணலாக நிற்கும், கணிதக் குறி வர வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும். இதைப் பார்த்ததும் லேடெக்கும் எழுத்துருக்களும் அடங்கிய டெக் லைவ் தொகுப்பு மொத்தத்தையும் நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவக் கிளம்புபவர்கள் உண்டு. வேண்டாம். பல ஜிபி இறங்கும், பிழை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

டிவிஐ கோப்புக்குள் எழுத்துரு கிடையாது, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மளிகைச் சீட்டு மாதிரி. பெயரும் அளவும் எழுதியிருக்கும், சரக்கு உங்கள் கணினியில்தான் இருக்க வேண்டும். லேடெக்குக்கு எழுத்தின் அகலம், உயரம் தெரிந்தால் போதும், அது டிஎஃப்எம் என்ற அளவுக் கோப்பில் கிடைத்துவிடும். உருவம் தேவைப்படுவது எக்ஸ்டிவிஐ-க்கு. அது வெளிக்கோடுகளால் ஆன டைப் 1 வடிவம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பிகே என்ற புள்ளிப்பட வடிவத்தைத் தேடும். அதுவும் இல்லையென்றால் எம்கேடெக்ஸ்பிகே என்ற ஸ்கிரிப்டைக் கூப்பிடும், அது டெக்கை உருவாக்கிய க்னூத்தின் மெட்டாஃபான்ட் என்ற எழுத்துரு வரையும் நிரலை ஓட்டி அங்கேயே புதிதாகச் செய்து தரப் பார்க்கும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருந்தாலும் உங்களுக்கு வருவது அதே எச்சரிக்கைதான். இன்னொரு பலன்: டிவிஐ-யை இதே கணினியில் நீங்களே உருவாக்கியிருந்தால் டிஎஃப்எம் இருக்கிறது என்றுதான் அர்த்தம், அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

செய்தியில் சிஎம்ஆர்10 என்பதை விட்டுவிடுங்கள், அது வெறும் மாற்று ஆள். காணாமல் போன பெயர்தான் முக்கியம். அந்தப் பெயர் உங்கள் ஆவணத்தில் எங்குமே இல்லாததாக இருக்கலாம், அதில் குழம்ப வேண்டியதில்லை. டைம்ஸ் கேட்டிருப்பீர்கள், எச்சரிக்கை பிடிஎம்ஆர்8ஆர் என்று வரும். பி என்றால் அடோபி, டிஎம் என்றால் டைம்ஸ், ஆர் சாதா எழுத்து, 8ஆர் என்பது குறிமுறை, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியல். லேடெக் பயன்படுத்தியது பிடிஎம்ஆர்7டி என்ற மெய்நிகர் எழுத்துரு, அதன் பின்னால் நிற்கும் நிஜ எழுத்துருதான் இது. அதேபோல் ஈசிஆர்எம்1000 என்றால் ஐரோப்பிய கம்ப்யூட்டர் மாடர்ன், ரோமன், 10 பாயின்ட். டி1 குறிமுறையைக் கேட்டுவிட்டு சிஎம்-சூப்பர் என்ற எழுத்துருத் தொகுப்பை நிறுவாமல் இருந்தால் இந்தப் பெயரை அடிக்கடி பார்ப்பீர்கள். அதை நிறுவினால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

அடுத்து, நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் மிஸ்ஃபான்ட்.லாக் என்று ஒரு கோப்பு முளைத்திருக்கும். பலர் அதைக் குப்பை என்று அழித்துவிடுகிறார்கள். அதன் ஒவ்வொரு வரியும் தோற்றுப்போன எம்கேடெக்ஸ்பிகே கட்டளை. எழுத்துருவின் பெயர், 600 போன்ற டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண், உருப்பெருக்கம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு வரியை அப்படியே எடுத்து டெர்மினலில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள், எக்ஸ்டிவிஐ விழுங்கிவிட்ட உண்மையான காரணம் அங்கே தெரியும். எண் 600 இல்லாமல் 657 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், 600-ஐ 1.095 மடங்கு பெரிதாக்கிய அளவு அது. ஒரே எழுத்துருவானாலும் ஒவ்வொரு அளவுக்கும் தனி பிகே வேண்டும். இந்த லாக்கில் பழைய வரிகள் அழியாமல் அடியில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், ஒவ்வொன்றாகச் சரிசெய்து சோதிக்கும்போது முதலில் அதை நீக்கிவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்ததில் அனுமதி இல்லை என்று வந்தால், பிகே கோப்பை எழுதிவைக்கும் ஃபோல்டரில் உங்களுக்கு உரிமை இல்லை. முன்பு எப்போதோ சூடோ போட்டு நிர்வாகி உரிமையில் ஓட்டியதால் வீட்டு ஃபோல்டருக்குள்ளேயே ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கலாம், உரிமையாளரை மாற்றினால் போதும். வட்டு நிறைந்துபோய்ப் பாதியில் நின்ற, பூஜ்ஜியம் பைட் பிகே கோப்பு கிடந்தால் அழித்துவிட்டுத் திரும்பத் திறங்கள்.

இந்த எழுத்துருவுக்குப் புள்ளிப்படம் செய்யத் தெரியவில்லை என்று எம்கேடெக்ஸ்பிகே கைவிரித்தால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மெட்டாஃபான்ட் மூலமும் இல்லை, எழுத்துருவின் பெயரை அதன் டைப் 1 கோப்போடு இணைக்கும் மேப் கோப்பில் அந்தப் பெயருக்கு ஒரு வரியும் இல்லை என்று பொருள். கேபிஎஸ்இ-விச் என்ற கட்டளைக்குப் பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுங்கள். பாதையைச் சொன்னால் இருக்கிறது, ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் இல்லை. கண்ணெதிரே ஃபோல்டரில் கோப்பு இருந்தும் அது வாய் திறக்கவில்லையா? டெக் லைவின் பொது ஃபோல்டர் மரத்தில் கையால் போட்ட கோப்பு, பெயர்ப் பட்டியலில் ஏறாமல் இருக்கும். அந்தப் பட்டியலைப் புதுப்பிக்கும் எம்கேடெக்ஸ்எல்எஸ்ஆர் கட்டளையை ஒரு தடவை ஓட்டுங்கள். உண்மையிலேயே கோப்பு இல்லையென்றால் டெக் லைவின் தொகுப்பு மேலாளரான டிஎல்எம்ஜிஆர்-இன் தேடல் எந்தத் தொகுப்பில் அது இருக்கிறது என்று சொல்லிவிடும். ஆங்கில எழுத்தில் தட்டியதைத் தமிழாக்கும் ஐடிரான்ஸில் செய்த பழைய தமிழ் ஆவணங்கள் கேட்கும் டபிள்யூஎன்டிஎம்எல்10 மாதிரி மெட்டாஃபான்டில் வரைந்த எழுத்துரு என்றால், மூலக் கோப்பை மட்டும் வீட்டு டெக்ஸ்எம்எஃப் ஃபோல்டரில் ஃபான்ட்ஸ், அதற்குள் சோர்ஸ் என்று போட்டு வைத்தாலே மீதியை எம்கேடெக்ஸ்பிகே பார்த்துக்கொள்ளும்.

டைப் 1 கோப்பு இருந்தும் தகராறு என்றால் என் சந்தேகம் முதலில் மேப் கோப்பை உருவாக்கும் அப்மேப் கட்டளை மேல்தான். யாரோ எழுதிய பழைய குறிப்பைப் பார்த்து அதைப் பயனர் முறையில் ஒரு தடவை ஓட்டிவிட்டால் உங்கள் வீட்டு ஃபோல்டரில் ஒரு மேப் நகல் உட்கார்ந்துகொள்ளும், அன்றிலிருந்து கணினியின் பொது மேப் உங்கள் கண்ணில் படாது, அப்புறம் நிர்வாகி எத்தனை எழுத்துரு நிறுவினாலும் மற்றவர்களுக்கு வரும், உங்களுக்கு மட்டும் வராது. 2017 முதல் சிஸ் (கணினி முழுவதற்கும்) என்றோ யூசர் (உங்களுக்கு மட்டும்) என்றோ சொல்லாமல் அது ஓடவே மறுப்பது இந்தத் தொல்லையால்தான். கேபிஎஸ்இ-விச்சிடம் பிஎஸ்ஃபான்ட்ஸ்.மேப் எங்கே என்று கேளுங்கள்; பாதை உங்கள் வீட்டு ஃபோல்டரில் தொடங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டார். அந்தப் பாதையில் டெக்ஸ்எம்எஃப்-வார் உள்ளே ஃபான்ட்ஸ், அதற்குள் மேப் என்றிருக்கும் ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, அப்மேப்பை சிஸ் முறையில் ஒரு தடவை ஓட்டுங்கள். உடனே அழிக்க வேண்டாம், நீங்களே சேர்த்த எழுத்துரு வரிகள் அதில் இருக்கலாம்.

டிவிஐ வேறொருவர் அனுப்பியது, அவர் காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவைப் பயன்படுத்தியிருக்கிறார் என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அவரிடமே பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே வந்துவிடும்.