கிளவுடில் படம் வைக்கிறீர்களா? அசல் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்த ஊர் ஸ்டுடியோவுக்குப் போனாலும் இப்போது கல்யாணப் படங்கள் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில்தான் ஏறுகின்றன. துபாயிலும் குவைத்திலும் இருக்கிற அண்ணன்மார், மச்சான்மார் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பது லிங்க் வழியாகத்தான். கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் அறைப் படங்களை அங்கே வைக்கிறார்கள். வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்கள் டிசைன் படங்களை வைக்கிறார்கள்.

பயன்படுத்தும் மென்பொருள் ஆளுக்கு ஆள் மாறும். கூகுள் போட்டோஸ், ஐகிளவுட், ஃபிளிக்கர் ஒரு வகை. வெப்சைட்டில் வரும் படங்களை வைத்து, அளவு மாற்றி, பார்க்கிறவர்களுக்கு அனுப்பிக்கொடுக்கும் கிளவுடினரி, இமேஜ்கிட் போன்றவை இன்னொரு வகை. ஆனால் இரண்டிலும் அடிபட்டவர்கள் சொல்வதைக் கேட்டால், பெரும்பாலான சிக்கல் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. படத்தின் அசல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கார்டிலா, ஹார்ட் டிஸ்கிலா, போனிலா, கிளவுடிலா? கிளவுடில் என்றால் எடுத்த அளவிலேயே இருக்கிறதா, சுருங்கிவிட்டதா? யார் பெயரில் இருக்கும் அக்கவுண்டில்? இதற்கெல்லாம் உடனே பதில் சொல்ல முடிகிறவர்களுக்குப் பெரிய நஷ்டம் வருவதில்லை.

சிங்க் ஆனால் பத்திரம் என்ற நம்பிக்கை

அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். சிங்க் என்பது போனிலும் கிளவுடிலும் ஒரே படங்கள் இருக்கும்படி தானாகப் பொருத்துவது. கூகுள் போட்டோஸிலும் சரி, ஐகிளவுட் போட்டோஸிலும் சரி, போனில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அது அழியும். குழந்தை போனை வைத்து விளையாடும்போது நாலு படத்தை அழித்துவிட்டால், அந்த நாலும் டேப்லெட், லேப்டாப் என்று எல்லா இடத்திலிருந்தும் போகும். கூகுளில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். ஐகிளவுடில் 30 நாள். அதற்குள் யாராவது கவனித்தால் மீட்டுவிடலாம். ஆல்பம் வேலையை மூன்று மாதம் கழித்துத் தொடங்குகிற வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். அப்போது தேடினால் இருக்காது.

இதைவிட மோசமாக இழப்பது இன்னொரு விதத்தில். கூகுள் போட்டோஸில் இடத்தை மிச்சப்படுத்த 'ஸ்டோரேஜ் சேவர்' என்று ஒரு தரம் இருக்கிறது. அதில் ஏற்றினால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படம் 16 மெகாபிக்சலாகக் குறையும், படம் அழுத்திச் சுருக்கப்படும். வீடியோ 1080பி-க்கு இறங்கும். வீட்டுப் படங்களுக்கு இது தாராளம். 24-க்கு 16 அங்குலம் வரை நன்றாகப் பிரிண்ட் வரும் என்று கூகுளே சொல்கிறது. ஆனால் 12-க்கு 36 அங்குல ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரிக்க நினைக்கும் டிசைனருக்கு அந்தக் குறைவு கண்ணில் படும். இந்தத் தரத்தில் ஏற்றிய பிறகு, போனில் இடம் நிறைந்துவிட்டது என்று அறிவிப்பு வரும். கூடவே, இடத்தைக் காலி செய்யட்டுமா என்று ஒரு பொத்தானும் வரும். அதை அழுத்தினால் போனில் இருந்த முழு அளவுப் படங்கள் நீங்கிவிடும். அதோடு அந்தப் படங்களுக்கு எங்கேயும் அசல் இல்லை. பார்க்க எல்லாம் அப்படியே இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. எனவே தொழிலுக்காகப் படம் வைக்கிறவர்கள் செட்டிங்ஸில் 'ஒரிஜினல் குவாலிட்டி' என்பது தேர்வாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

ஐபோனிலும் இதுபோல் ஒன்று உண்டு. சேமிப்பிடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பைப் போட்டிருந்தால் போனில் இருப்பது சிறிய பிரதி, முழுப் படம் ஐகிளவுடில். போனைக் கம்ப்யூட்டரில் செருகி எல்லாவற்றையும் காப்பி செய்துவிட்டோம் என்று நினைத்து ஐகிளவுடை ரத்து செய்தால் அசல்கள் போய்விடும்.

கூகுளின் இலவச 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். அது நிறைந்தால் மெயில் வருவதும் நின்றுவிடும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கன்னியாகுமரியில் அலைமோதும் நேரத்தில், அறை இருக்கிறதா என்று கேட்டு ஒருவர் அனுப்பிய மெயில் திரும்பிப் போனால் அவர் காத்திருக்க மாட்டார், அடுத்த லாட்ஜைப் பார்த்துவிடுவார். தொழில் மெயிலையும் படக் குவியலையும் ஒரே அக்கவுண்டில் வைக்காமல் இருப்பது நல்லது.

ஏறி முடிந்ததா என்று பார்க்காமல் கார்டை அழிப்பது

ஒரு கல்யாணம், இரண்டு போட்டோகிராபர்கள், கேமரா பதிந்தபடியே இருக்கும் பெரிய ரா ஃபைல்களும் சேர்த்து 100 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்லோடு வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்றால், ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறவே 11 மணி நேரம் பிடிக்கும். டவுன்லோடு வேகத்தை மட்டும் கேட்டு இணைப்பு எடுத்தவர்களுக்கு அப்லோடு அந்த அளவுக்கு வராமலும் போகலாம். ஜூன் மாத மழையில் நடு ராத்திரி கரண்ட் போனால் அந்த 11 மணி நேரமும் கணக்கில் இல்லை. காலையில் பிரவுசரைத் திறந்து, போல்டர் இருக்கிறது என்று பார்த்தவுடனே அடுத்த கல்யாணத்துக்காகக் கார்டை ஃபார்மேட் செய்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. போல்டர் இருந்தால் மட்டும் போதாது. இங்கே எத்தனை ஃபைல், அங்கே எத்தனை ஃபைல், மொத்த அளவு எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். முதலில் ஒன்று, நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்று என்று திறந்து முழு அளவில் பார்க்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

எண்ணிக்கை ஒத்துப்போகாமல் போவதற்கு அடிக்கடி காரணமாவது ஃபைல் பெயர். கேமரா 0001-ல் தொடங்கி 9999 வரை எண் போட்டுவிட்டு மறுபடியும் 0001-க்கே வரும். இரண்டு பேர் ஒரே கம்பெனி கேமரா வைத்திருந்தால், தாலி கட்டும் படமும் பந்தியில் சாப்பிடும் படமும் ஒரே பெயரோடு வரலாம். ஒரே போல்டரில் ஏற்றினால் சில மென்பொருள்கள் பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். சில, இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஆளுக்கு ஒரு போல்டர் போடுங்கள். முடிந்தால் கேமராவிலேயே ஃபைல் பெயரின் முன்னெழுத்துகளை மாற்றிவிடுங்கள்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட வாரத்தில் கிளவுடில் மட்டும் இருக்கிற படத்தைத் தொடக்கூட முடியாது. கடையில் தண்ணீர் புகுந்தால் ஹார்ட் டிஸ்கில் மட்டும் இருந்த படமும் போய்விடும். அதனால்தான் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வது. வேறு இடத்தில் இருக்கும் அந்த ஒன்றுக்குத்தான் கிளவுட் பொருத்தம். கல்யாண வீட்டில் ஆல்பத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் வரையாவது மூன்றும் இருக்கட்டும்.

வேலைக்கு வந்த பையனின் மெயில்

ஸ்டுடியோவில் விவரம் தெரிந்த பையன் ஒருவன் இருப்பான். கிளவுடில் அக்கவுண்ட் தொடங்கச் சொன்னால், "அண்ணே, என் மெயில்லயே போட்டுட்டேன், பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்" என்பான். அவன் மேல் தப்பு இல்லை, வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொடுத்தான். ஒரு நாள் அவனுக்கு வளைகுடாவுக்கு விசா வரும். போன பிறகு இங்கே இருந்த சிம் கார்டை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுவான். புது கம்ப்யூட்டரில் திறக்கும்போது ஓடிபி போவது அந்த எண்ணுக்குத்தான். காசு கட்டுவது கடைக்காரர், ஆனால் அந்த நிறுவனத்தின் பார்வையில் அக்கவுண்ட் அந்தப் பையனுடையது.

கடைப் பெயரில் ஒரு மெயில், முதலாளியின் எண்ணில் ஓடிபி, அவசரத்துக்குப் பயன்படும் மீட்புக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைப்பது. இவ்வளவுதான் வேலை. வேலை செய்கிறவர்களைத் தனித்தனிப் பயனர்களாகச் சேர்க்கும் வசதி இருந்தால் சேர்த்துவிடுங்கள். ஏற்ற மட்டும் அனுமதி போதும், அழிக்கும் அனுமதி வேண்டாம். இரண்டு வருடம் யாருமே நுழையாத தனிநபர் அக்கவுண்ட்டை அழிக்கக்கூடும் என்பது கூகுளின் விதி. பழைய கல்யாணப் படங்களைத் தனி அக்கவுண்டில் போட்டு மறந்துவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெப்சைட்டில் போடும் படங்கள்

ஹோம்ஸ்டே வெப்சைட்டில் அறை, வராந்தா, மொட்டை மாடியிலிருந்து தெரியும் திருவள்ளுவர் சிலை என்று 12 படம். கேமராவிலிருந்து எடுத்தபடியே போட்டால் ஒன்று 8 எம்பி, மொத்தம் 96 எம்பி. ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்க்கிறவருக்கு முதல் படம் பாதி வரும்போதே பொறுமை போய்விடும். 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்சைட்டுக்கென்றே உள்ள வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் கொடுத்தால் ஒவ்வொன்றும் 200, 300 கேபி-க்குள் அடங்கும். போன் திரையில் வித்தியாசம் தெரியாது.

கிளவுடினரி, இமேஜ்கிட் போன்றவை இதைத் தாமாகவே செய்யும். பெரிய படம் ஒன்றை ஏற்றினால் போதும். அகலம் இவ்வளவு வேண்டும் என்று படத்தின் இணைய முகவரியிலேயே எழுதினால், பார்க்கிறவரின் பிரவுசருக்கு ஏற்ற வடிவத்தில் சிறிய பிரதியை உருவாக்கி அனுப்பும். இங்கே நடக்கும் தவறு, முன்பே வாட்ஸாப்பில் வந்து நசுங்கிய படத்தையோ, கடைப் பெயரை மேலே பொறித்த படத்தையோ ஏற்றிவிடுவது. அந்த மென்பொருளுக்கு அதுதான் அசல். அதிலிருந்து தெளிவான பெரிய படம் ஒருநாளும் வராது. வாட்ஸாப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பில் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. இந்தச் சேவைகளில் நாம் வைத்திருக்கும் இடத்துக்கு மட்டும் கணக்கு இல்லை. பார்க்கிறவர்களுக்குப் போகும் டேட்டாவுக்கும் கணக்கு உண்டு. 200 எம்பி அழைப்பிதழ் வீடியோ ஒன்றை 1000 பேர் பார்த்தால் 200 ஜிபி போய்விட்டது. இலவச பிளான் அங்கேயே முடிந்துவிடும். வீடியோவை யூடியூபில் போட்டு, அதை வெப்சைட்டில் இணைத்துவிடுவதே சிறிய தொழில்களுக்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், வாடகை அட்டையின் படத்தை மாற்றிய பிறகும் சிலருக்குப் பழைய விலையே தெரியும். வேகத்துக்காகப் பல இடங்களில் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதி இன்னும் நீங்கவில்லை என்று அர்த்தம். புதிய படத்தைப் புதிய பெயரில் ஏற்றினால் அந்தத் தகராறு இல்லை. வெப்சைட் செய்து கொடுப்பவர், படச் சேவையின் அக்கவுண்டைத் திறக்கும் ரகசியச் சாவியைப் பக்கத்தின் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடவில்லையே என்றும் கேட்டுவிடுங்கள். எழுதியிருந்தால், பார்க்கத் தெரிந்த யாரும் உங்கள் படங்களை அழிக்கலாம்.

லிங்க் யார் கைக்குப் போகிறது

கல்யாண கேலரி லிங்க் குடும்ப வாட்ஸாப் குழுவில் விழும். அங்கிருந்து ஊர்க் குழு, வேலை செய்கிற இடத்துக் குழு என்று போகும். லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் விட்டிருந்தால், மணப்பெண்ணின் தோழிகள், சின்னப் பிள்ளைகள் படமெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கையில் இருக்கும். இதில் ஸ்டுடியோக்காரர்களுக்குப் பொறுப்பு இருக்கிறது என்று அழுத்திச் சொல்கிறேன். கேலரிக்கு பின் நம்பர் வையுங்கள், டவுன்லோடு உரிமையைக் கல்யாண வீட்டாருக்கு மட்டும் கொடுங்கள், ஆல்பம் முடிந்ததும் லிங்க்கை மூடுங்கள். செல்ஃபி கொடுத்தால் அவரவர் படம் வரும் முகமறி கேலரிகள் இருக்கின்றன. அவற்றில் விருந்தினர் தன் படத்தை மட்டும் பார்க்கும்படி வைப்பதா, எல்லாவற்றையும் திறந்துவிடுவதா என்பதைக் கல்யாண வீட்டாரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். அசலாக ஏற்றினால் கூடவே போகும். ஹோம்ஸ்டேவுக்கு அதனால் பாதகமில்லை. வீட்டுக்குள் எடுத்த குழந்தை படத்துக்கு அது வேண்டாம்.

இலவசம் நிலைக்கும் என்ற கணக்கு

2017-ல் ஃபோட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம், பிற வெப்சைட்களில் படம் காட்ட வருடத்துக்கு 399 டாலர் என்று அறிவித்தது. இணையம் முழுக்க ஏராளமான பக்கங்களில் படம் இருந்த இடத்தில் அறிவிப்பு மட்டும் நின்றது. இலவசமாக 1 டெராபைட் கொடுத்துவந்த ஃபிளிக்கர், இலவச அக்கவுண்டுக்கு இனி 1000 படம்தான் வரம்பு என்று 2018 நவம்பரில் அறிவித்தது. கூகுள் போட்டோஸின் அளவில்லாத இலவசம் 2021 ஜூன் 1-ல் முடிந்தது. 2023-ல் இம்கர் என்ற படப் பகிர்வுத் தளம், எந்த அக்கவுண்டோடும் சேராத, யாரும் பார்க்காத பழைய படங்களை நீக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலானவர்கள் முன்கூட்டியே மெயிலிலோ அறிவிப்பிலோ சொல்லத்தான் சொன்னார்கள். அந்த மெயிலைப் படிக்கும் ஆள் யார் என்பதுதான் கேள்வி.

ஆகவே ஒரு சேவையைத் தேர்வு செய்யுமுன் பயனர் விமர்சனம் படிக்கும்போது நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். சேர்ந்த முதல் வாரத்தில் எழுதியவர்கள் எல்லோரும் திரையின் அழகைத்தான் சொல்வார்கள். விட்டுப் போனவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். படங்களை மொத்தமாக வெளியே எடுக்க முடிந்ததா, போல்டர்கள் அப்படியே வந்தனவா, பில் திடீரென்று ஏறியதா, உதவி கேட்டால் பதில் வந்ததா?

சேர்ந்த பிறகு நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரே ஒரு சிறிய கல்யாணத்தின் படங்களை ஏற்றுங்கள், நாலு ஆல்பமாகப் பிரித்து வையுங்கள், மொத்தத்தையும் டவுன்லோடு செய்யுங்கள். மொத்தமாக வெளியே எடுப்பதற்கான கூகுளின் டேக்அவுட் வசதியில் எடுத்தால், தேதி, இடம் போன்ற விவரங்கள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசன் (JSON) என்ற தனி எழுத்து ஃபைலாக வரும். கம்ப்யூட்டரில் அடுக்கும்போது எல்லாப் படமும் ஒரே தேதியில் நிற்கலாம். தேடுவதற்காகப் படங்களுக்கு நீங்கள் போட்ட ஊர்ப் பெயர் போன்ற குறிச்சொற்கள் வருகின்றனவா என்றும் பாருங்கள். குளச்சலை ஆங்கிலத்தில் ஒருவர் சி போட்டும் இன்னொருவர் கே போட்டும் எழுதியிருந்தால் அந்த வேறுபாடும் அப்படியே வெளியே வரும். தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் வைத்து ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். டவுன்லோடு ஆன படத்தின் பிக்சல் அளவைக் கார்டில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த கல்யாணத்தை அங்கே ஏற்றலாம்.