நாவலிலிருந்து வந்த காதல் படம்: பார்வையாளர் கருத்துகளைத் திரட்டி எழுதுவது எப்படி?

ஒரு நாவல் காதல் படமாகத் திரைக்கு வரும்போது, யாழ்ப்பாணத்தில் அதைப் பற்றிய பேச்சு திரையரங்கில் மட்டும் தொடங்குவதில்லை. வீட்டு அலுமாரியிலும் சனசமூக நிலைய வாசிகசாலையிலும் பல ஆண்டுகளாக இருந்துவரும் புத்தகத்திலிருந்தும் அது தொடங்குகிறது. ஆகவே, "நல்ல படம்" என்று ஒருவரும் "கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்று மற்றொருவரும் சொல்வதை அப்படியே எழுதிவைத்தால் அது கருத்துத் திரட்டு ஆகிவிடாது. அவர் எந்த வாசிப்போடு அந்தப் படத்தைப் பார்த்தார் என்பதை அறியாமல் அவருடைய கருத்தை விளங்கிக்கொள்ள முடியாது. முதன்முறையாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக, அதைச் செய்யும் முறையைப் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன். தேவையானவை ஒரு சீ.ஆர். கொப்பி, ஒலிப்பதிவு செய்யக்கூடிய கைத்தொலைபேசி, நாவலின் ஒரு பிரதி ஆகியவை மட்டுமே.

முதலாம் படி: நீங்கள் முதலில் வாசியுங்கள்

படத்தைப் பார்ப்பதற்கு முன்னர் நாவலை முழுமையாக வாசித்துவிட வேண்டும். நாவலின் சுருக்கத்தை வாசிப்பது இதற்குப் போதாது. ஈழத்து நாவலாயின் அச்சுப் பிரதி கிடைக்காவிட்டாலும், 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் தேடிப் பார்க்கலாம்; பழைய பதிப்புகள் பல அங்கே மின்வடிவில் உள்ளன. யாழ்ப்பாணப் பொது நூலகத்திலும் விசாரியுங்கள்.

வாசிக்கும்போது கொப்பியின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்தில் காதலோடு தொடர்புடைய இடங்களைப் பக்க எண்ணுடன் குறித்துக்கொள்ளுங்கள். காதலர் முதலில் சந்திக்கும் இடம், அந்தக் காதல் மூன்றாம் நபர் ஒருவருக்குத் தெரியவரும் இடம், அதற்கு எதிராக நிற்கும் மனிதர் அல்லது வழக்கம், முடிவு ஆகிய நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும். படத்தைப் பார்த்த பின்னர், அதே இடங்கள் திரையில் என்னவாயின என்பதை வலப்பக்கத்தில் எழுதுங்கள்.

இது எவ்வளவு பயனுள்ளது என்பதைக் காட்ட எல்லோரும் அறிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்து ஐந்து பாகங்களாக விரிந்த நாவல். மணிரத்னத்தின் படங்கள் 2022இலும் 2023இலும் வெளிவந்தன. அது வெறும் காதல் கதையன்று என்றாலும், அதிலுள்ள காதல்களைத் தனியே எடுத்து ஒப்பிட்டால் இரண்டு பெரிய வேறுபாடுகள் தெரியும். ஆதித்த கரிகாலனும் நந்தினியும் இளமையில் பழகியதை நாவல் பெரும்பாலும் பாத்திரங்களின் நினைவாகவும் பேச்சாகவும் சொல்ல, படம் அதை நேரடிக் காட்சியாக்கி முன்னுக்குக் கொண்டுவருகிறது. மறுபுறம், வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலித்து நாவலின் இறுதியில் உயிர் விடும் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. இந்த இரண்டு வரிகள் உங்கள் கொப்பியில் இருந்தால், ஒரு வாசகர் "கடைசியிலை மனதை உருக்கிற இடமே இல்லை" என்று சொல்லும்போது அவர் எதை இழந்து நிற்கிறார் என்று உடனே விளங்கும்.

இரண்டாம் படி: யாரிடம் கேட்பது என்று தீர்மானியுங்கள்

பதினைந்து அல்லது இருபது பேர் போதும். ஆனால் அவர்கள் எல்லோரும் உங்கள் நண்பர்களாக இருந்தால் ஒருவருடைய கருத்தையே இருபது முறை கேட்டதாகிவிடும். நாவலை நெடுங்காலத்துக்கு முன் வாசித்தவர், படம் வரப்போகிறது என்று அறிந்து அண்மையில் வாசித்தவர், படத்தைப் பார்த்த பின் வாசிக்கத் தொடங்கியவர், வாசிக்காதவர் என நான்கு வகையினரும் இருக்க வேண்டும். மூன்றாம் வகையினரைத் தேடிப்பிடிப்பது கடினம். ஆயினும் அவர்களை விட்டுவிடாதீர்கள். திரையில் பார்த்த முகத்தோடு புத்தகத்துக்குள் போகிறவர்கள் அவர்கள் மட்டுமே.

வயதையும் இங்கே கவனிக்க வேண்டும். மூத்த வாசகர்கள் பலர் இத்தகைய நாவல்களைத் தொடராக வாசித்தவர்கள். இதழ்களிலிருந்து பக்கங்களைக் கழற்றி, கட்டுவித்து, புத்தகமாக வைத்திருந்த வீடுகள் நம் ஊர்களில் இருந்தன. அவர்களுக்குக் கதையோடு சேர்ந்து ஓவியமும் மனத்தில் பதிந்திருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த நந்தினியையும் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு ஓவியர் கோபுலு வரைந்த மோகனாம்பாளையும் முதலில் கண்டவர்களுக்கு, பின்னர் திரையில் தோன்றும் எந்த நடிகையும் இரண்டாவது முகந்தான். "நடிகை பொருந்தவில்லை" என்று அத்தகைய ஒருவர் கூறினால், எந்த முகத்தோடு பொருந்தவில்லை என்று கேட்டறிந்து எழுதுங்கள்.

1970களில் தென்னிந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஈழத்து நாவல்களை வாசிக்கும் தலைமுறை ஒன்று வளர்ந்தது. வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' அந்தக் காலத்துக்குரியது. நெடுந்தீவுக் கடற்கரையில் பருவகால மீன்பிடித் தொழிலுக்காக வாடி எனப்படும் தற்காலிகக் குடில் அமைத்துத் தங்குபவர்களுக்கும் தீவு மக்களுக்கும் இடையே முளைக்கும் காதலையும் பகையையும் கூறும் அந்நாவல், 1978இல் பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் படமாயிற்று. இப்படியொரு படத்தைப் பற்றிக் கேட்பதாயின், நகரத்து வாசகரோடு நிறுத்திக்கொள்ளாமல் தீவகத்தவர்களையும் கடற்றொழில் தெரிந்தவர்களையும் தேடிப் போக வேண்டும். காதல் காட்சியைப் பற்றி அவர்கள் சொல்வதற்கு முன், படகும் வலையும் பேச்சும் சரியாக இருந்தனவா என்றே சொல்வார்கள். அதை விடயத்துக்குப் புறம்பானது என்று தள்ளிவிடாதீர்கள். சூழலை நம்பாத ஒருவர் அந்தச் சூழலில் பிறக்கும் காதலையும் நம்பமாட்டார். நாதஸ்வரக் கலைஞனுக்கும் நாட்டியக்காரிக்கும் இடையிலான காதலைச் சொல்லும் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைப் பற்றி இணுவிலிலோ அளவெட்டியிலோ ஓர் இசைக் குடும்பத்தவரிடம் கேட்டுப் பாருங்கள். 1968இல் வந்த அந்தப் படத்தில் சிவாஜி கணேசனுக்காக மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரத்தையும், திரையில் அதற்கேற்ப நடிகரின் விரல்கள் அசைந்த விதத்தையும் பற்றித்தான் அவர் முதலில் பேசுவார். அந்தப் போட்டியின் நாதத்துக்குள்ளேயே காதல் இருக்கிறது என்பதை அவரைப் போலத் தெளிவாக வேறொருவர் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்.

மூன்றாம் படி: கேள்விகளைத் தயாரியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் படியைத்தான். "படம் எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில் வரும், அதற்குப் பிறகு கேட்க ஒன்றும் இருக்காது. தீர்ப்பைக் கேட்காமல் காட்சியைக் கேளுங்கள். பேச்சுத் தமிழிலேயே கேட்க வேண்டும், ஏனெனில் எழுத்துத் தமிழில் கேட்கப்படும் கேள்விக்கு மனிதர்கள் பரீட்சை விடையைப் போன்ற பதிலையே தருவார்கள். வயதுக்கேற்ப ஐயா, அம்மா, அண்ணை, அக்கா என்று விளித்து, இளையவராயின் தம்பி, தங்கச்சி என்று அழைத்து, யாராயினும் 'நீங்கள்' என்ற மரியாதையோடு பின்வருமாறு தொடங்கலாம்.

"அக்கா, வெளியிலை வரேக்கை எந்தக் காட்சி மனதிலை நிண்டது?"

"அந்த இடத்திலை அவள் ஏன் ஒண்டும் சொல்லாமல் போனவள் எண்டு நினைக்கிறீங்கள்?"

"அவையள் ரெண்டு பேரும் விரும்பீனம் எண்டு உங்களுக்கு எந்த இடத்திலை விளங்கினது?"

மூன்றாவது கேள்வியை நான் மிகவும் முக்கியமானதாகக் கருதுகிறேன். காதல் பிறந்த கணத்தை நாவல் பல பக்கங்களில் மன ஓட்டமாக எழுதியிருக்கும். படத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு பார்வை, ஒரு பாடல், ஒரு மௌனம் ஆகியவற்றாலேயே அதைக் காட்ட வேண்டும். வாசித்தவர் தாம் ஏற்கெனவே அறிந்த மன ஓட்டத்தை அந்த மௌனத்துக்குள் இட்டு நிரப்பிக்கொள்கிறார். வாசிக்காதவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே இருவரும் வெவ்வேறு இடங்களைச் சுட்டினால், படம் தன் சொந்தக் காலில் நிற்கிறதா அல்லது நாவலில் சாய்ந்து நிற்கிறதா என்பதற்கு உங்களுக்குச் சான்று கிடைத்துவிட்டது.

நாவலைப் பற்றிய கேள்வியை இறுதியிலேயே கேட்க வேண்டும். "கதைப் புத்தகம் வாசிச்சனீங்களோ?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால், வாசிக்காதவர் தமக்குப் பேச உரிமையில்லை என்று எண்ணி ஒதுங்கிவிடுவார். வாசித்தவரோ படத்தை மறந்து புத்தகத்தைப் பற்றியே பேசத் தொடங்கிவிடுவார்.

நான்காம் படி: காலமும் இடமும்

படம் முடிந்த கையோடு திரையரங்கு வாசலில் இரண்டு கேள்விகளுக்கு மேல் கேட்காதீர்கள். மாலைக் காட்சி முடிந்து வருபவர்களுக்குக் கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலை இருக்கும். நீண்ட உரையாடலை ஒரு வாரம் கழித்து வீட்டிலோ வாசிகசாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். அன்று சொன்னதும் பின்னர் சொல்வதும் மாறுபட்டால் இரண்டையும் எழுதலாம்.

காதல் படம் என்பதால் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் தாயின் முன்னால் மகளும், மகனின் முன்னால் தந்தையும் காதலைப் பற்றி மனம் திறந்து பேசுவதில்லை. குடும்பமாக நிற்பவர்களிடம் கேட்டால் இசையையும் நடிப்பையும் பற்றிய பாதுகாப்பான பதில்களே கிடைக்கும். தனித்தனியே கேளுங்கள். பெண்களிடம் ஒரு பெண் கேட்பது நல்லது. நீங்கள் ஆணாயின் சகோதரியையோ தோழியையோ துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதான பெண்கள் இத்தகைய படங்களைப் பற்றி மிக நுட்பமாகப் பேசக்கூடியவர்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

ஐந்தாம் படி: பதிவு

ஒலிப்பதிவுக்கு முன் அனுமதி கேளுங்கள். மறுத்தால் கையால் எழுதுங்கள். பெயரை வெளியிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு சிறிய ஊரின் பெயரைச் சொல்லி அங்கே ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை என்று எழுதினால் பெயரை எழுதியதற்கு அது சமம். வயதெல்லையும் வாசிப்பு வகையும் போதும். மேற்கோளைப் பேசியபடியே எழுதுங்கள். அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் தயக்கமும் ஆசையும் கோபமும் சேர்ந்தே போய்விடும்.

ஆறாம் படி: கருத்தை நூலோடு பொருத்திப் பாருங்கள்

எனது கருத்தில் இந்த வேலையின் இதயம் இதுதான். நாவலை வாசித்தவரின் குறை ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் கொப்பியின் இரு பக்கங்களையும் பாருங்கள். சில குறைகள் படம் விட்டுவிட்டவற்றைப் பற்றியவை. மணிமேகலை அதற்கு உதாரணம். சில, படம் மாற்றியவற்றைப் பற்றியவை. இவை இரண்டையும் சரிபார்ப்பது எளிது. மிகவும் கவனமாகக் கையாள வேண்டியது மூன்றாவது வகை: நாவலிலும் இல்லாத ஒன்றை, நாவலில் இருந்ததாக வாசகர் நினைவில் வைத்திருப்பது.

கரிகாலனைக் கொன்றவர் இன்னார் என்று கல்கி தெளிவாக எழுதியிருந்ததாகவும், படம் அதை மாற்றிவிட்டதாகவும் ஒருவர் கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாவலைத் திறந்து பார்த்தால் அந்தக் கொலை ஐயத்துக்கு இடமாகவே விடப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். இந்த இடத்தில் அவருடைய கருத்தைத் தவறு என்று நீக்கிவிடக் கூடாது. அவரோடு வாதாடவும் கூடாது. ஆசிரியர் விட்ட இடைவெளியை அவர் தாமாகவே நிரப்பி, அந்த முடிவோடு பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். திரையில் வேறொரு முடிவைக் கண்டபோது இழந்தது அவர் தாமே எழுதிய பகுதியைத்தான். கட்டுரையில் அவர் சொன்னதை அப்படியே தந்து, அடுத்த வசனத்தில் நாவலில் உள்ளது எது என்று பணிவாகச் சுட்டுங்கள். அந்த இரண்டு வசனங்களுக்கும் இடையில், நாவல் ஒரு வாசகரிடத்தில் என்ன செய்தது என்பது வெளிப்பட்டுவிடும்.

ஏழாம் படி: எழுதுங்கள்

திரட்டியவற்றை ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டாகப் பிரித்து எழுதும் வழக்கத்தைக் கைவிடுங்கள். இருபது பேரிடம் கேட்டுவிட்டு நூற்றுக்கு இத்தனை வீதம் என்று கணக்குக் காட்டுவதும் நேர்மையாகாது. அதிகம் பேசப்பட்ட காட்சி ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதைச் சுற்றிக் கட்டுரையை அமையுங்கள். உதாரணமாக, இறுதிச் சந்திப்புத்தான் எல்லோரும் பேசிய காட்சி எனின், முதலில் அது நாவலில் எவ்வாறு உள்ளது என்பதை ஒரு பந்தியில் சொல்லுங்கள். பின்னர் திரையில் அது எவ்வாறு காட்டப்பட்டுள்ளது என்பதைச் சொல்லுங்கள். அதன் பிறகு வாசிக்காதவர் ஒருவரின் கருத்தையும், அதற்கு முரணான ஒரு பழைய வாசகரின் கருத்தையும் அடுத்தடுத்து வையுங்கள். உங்களுடைய சொந்த மதிப்பீட்டை அவர்களுடைய வாய்வழியாகச் சொல்லாமல், தனிப் பந்தியில், உங்களுடையது என்று தெரியும்படி எழுதுங்கள். நாவலின் ஆசிரியர், அது வெளிவந்த ஆண்டு, படத்தின் இயக்குநர் ஆகிய விபரங்கள் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும்.

முடிவை வெளிப்படுத்தும் பகுதி வருவதற்கு முன்னர், அதை ஒரு வரியில் அறிவித்துவிடுங்கள். இன்னும் படம் பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்வார்கள். வெளியிடுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் அவரவர் மேற்கோளை வாசித்துக் காட்டுங்கள். "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று ஒருவர் கூறினால் ஒலிப்பதிவைக் கொண்டு அவரை மடக்க முயலாமல், இப்போது எப்படிச் சொல்ல விரும்புகிறார் என்று கேட்டுத் திருத்துங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளையும், கருத்துகளைத் திரட்டிய மாதத்தையும் கட்டுரையின் அடியில் சேர்த்துவிடுங்கள். அதே நாவலை நாளை வேறொருவர் படமாக்கினால், அப்போது எழுத வருபவர் அதே கேள்விகளை மறுபடியும் கேட்டு ஒப்பிட முடியும்.